காத்திருப்பவர் பெயர்

பனிமலை விடுதி,
வலே மாநிலம், சுவிற்சர்லாந்து.
18.06.2025

அன்புள்ள அத்தான் பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

மச்சான் ரஜீவன் எழுதுகிறேன். நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீங்களும் அக்காவும் அப்படியே இருக்கக் கோணேசர் துணையிருப்பார்.

விடுதி போன சனிக்கிழமை திறந்தது. இந்த முறையும் குசினிதான் என் பொறுப்பு. எண்பது பேர் படுக்கலாம், எண்பது பேருக்கும் சூப் வைக்கவேண்டும். இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. சாமான் கொண்டுவரும் ஹெலிகொப்டரில்தான் தபாலும் வந்து போகும். சிக்னல் இருந்தாலும் உங்களோடு போனில் கதைத்துப் பயனில்லை. துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்த காது உங்களுடையது. நான் கத்தினால் உங்களைத் தவிரத் திருகோணமலை முழுவதுக்கும் கேட்கும். ஆகவே வழமைபோலக் கடிதம்.

இந்த வருடம் ஒரு காரியம் செய்ய நினைத்திருக்கிறேன். விடுதிக்கு மேலே ஒரு சிகரம் நிற்கிறது. இவ்விடத்து ஆட்கள் கறுப்புக் கொம்பு என்பார்கள். எல்லாரும் கிழக்குப் பக்கத்துப் பனியாற்றின் மேலால் நடந்து ஏறுவார்கள். நானும் இரண்டு முறை அப்படி ஏறியிருக்கிறேன். வடக்கு முகட்டால் ஏறுகிறவர்கள் குறைவு. பாறை, இடையிடையே பனி, இரண்டு பக்கமும் பள்ளம். எட்டு வருடமாகக் குசினி யன்னலால் அந்த முகட்டைப் பார்த்துக்கொண்டுதான் வெங்காயம் வெட்டுகிறேன். இங்கே கோப்பை கழுவும் மிகேல் என்ற போர்த்துக்கல்காரன் கூட வருகிறேன் என்கிறான். விடுதி மூடிய பிறகு, ஒக்டோபர் முதல் சனிக்கிழமை போக யோசனை. வரைபடத்தின் பிரதியும் முகட்டின் படமும் உள்ளே இருக்கின்றன. சிவப்புப் பேனையால் கீறியது நான் நினைக்கும் வழி. பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இங்கே மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவர் காத்திருப்பார். சொன்ன நேரத்துக்குச் செய்தி வராவிட்டால் மீட்புப் படைக்கு அறிவிப்பது அவருடைய வேலை. மற்றவர்கள் மனைவியின் பெயரைக் கொடுப்பார்கள், அல்லது தாயின் பெயரை. ஒக்டோபரில் விடுதிக்காரி விடுமுறையில் போய்விடுவாள். என் கல்யாணம் முறிந்த கதை உங்களுக்குத் தெரியும். இருந்து யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் வாழ்ந்த நாட்டில், நான் திரும்பி வராவிட்டால் தேடுவதற்கு ஒரு பெயர் வரவில்லை. அத்தான், உங்கள் பெயரைக் கொடுக்கவா?

அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்
ரஜீவன்

*

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.07.2025

அன்பு மச்சான் ரஜீவன் அறிவது,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். மான் இரண்டு வந்து வெண்டிக்கன்று முழுவதையும் தின்றுவிட்டுப் போனதைத் தவிர வீட்டில் வேறு நட்டமில்லை. உம்முடைய உடம்பும் நன்றாக இருக்கும் என நம்புகிறேன். எண்பது பேருக்குச் சூப் வைக்கிறவர் தானும் ஒரு கோப்பை குடிப்பார்தானே.

வரைபடத்தை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். “உடுப்பு எடுக்க வழியில்லை, ஆரைக் கேட்டு ஒட்டினனீங்கள்?” என்று உம்முடைய அக்கா புறுபுறுக்கிறார். ஆனால் நான் அந்தப் பக்கம் போன நேரம் அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

எனக்குச் சில கேள்விகள். சுற்றிப் போக ஒரு வழி இருக்கும்போது எதற்காக முதுகெலும்பின் மேலால் போகவேண்டும்? எங்கள் துறைமுகத்துக்கு எவ்வளவு ஆழமான வாசல்! அப்படி இருந்தும் கரையை உரசிக்கொண்டுதான் வருவோம் என்று நிற்கிற கப்டன்மாரைக் கண்டிருக்கிறேன். அந்த இனம்தான் நீரும். அடுத்தது, மேற்குப் பக்கத்தில் வாய்க்கால் மாதிரி ஒன்று நேராக இறங்குகிறதே, அதால் வந்தால் அரைவாசித் தூரம் மிச்சம் அல்லவா? இன்னொன்று, ஏறும் வழியைச் சிவப்பால் கீறியிருக்கிறீர். இறங்கும் வழி எங்கே? எந்த இடத்தில் “இனி வேண்டாம்” என்று திரும்புவீர்? அதையும் கீறி அனுப்பும். உள்ளே இழுத்துவந்த கப்பலைத் திரும்ப வெளியே விடும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பெயர் கேட்டீர். தாராளமாகக் கொடும். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் காத்திருந்தால் சொன்ன நேரம் மட்டும் காத்திருப்பேன். ஒரு நிமிடமும் முந்தமாட்டேன், பிந்தவும் மாட்டேன். உம்முடைய அக்காவிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நீர் சப்பாத்து மாட்டும்போதே பொலிசுக்குப் போன் அடித்துவிடுவார். அவர் இதற்குச் சரிவரமாட்டார்.

நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு இருக்கிறது. வாய்வுதான். இஞ்சித் தண்ணீர் குடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வா என்று அக்கா நிற்கிறார். அங்கே போனால் இல்லாத வருத்தமும் வந்துவிடும்.

அன்புடன்,
அத்தான்

*

பனிமலை விடுதி
19.07.2025

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைக் குசினிக்குள் நின்று வாசித்து விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் சுகம். உங்கள் வாய்வு எப்படி? பகிடியை விட்டுவிட்டு ஒரு முறை டொக்டரிடம் காட்டுங்கள்.

அந்த மேற்கு வாய்க்காலால் இறங்கினால் உங்களுக்கு அன்றைக்கே வேலை வந்துவிடும். இரவுக் குளிரில் உறைந்து ஒட்டியிருக்கும் கல்லெல்லாம் வெயில் பட்டதும் கழன்று அதற்குள்ளால்தான் விழும். காலை பத்து மணிக்குப் பிறகு விடுதி வாசலில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். பனியாற்றின் மேலாலும் தனி ஆள் இறங்கக்கூடாது, பிளவுக்குள் விழுந்தால் இழுக்க ஆள் இல்லை. ஆகவே ஏறிய முகட்டாலேயே இறங்குவேன். கணவாய்க்கு வந்து, அங்கிருந்து கல்லுத்தரையால் கிராமத்துக்கு. கிராமத்தில் சிக்னல் இருக்கிறது. இறங்கும் வழியைப் பச்சையால் கீறி இதோடு அனுப்புகிறேன்.

திரும்பும் இடத்தையும் முடிவு செய்துவிட்டேன். முகட்டின் பாதியில் யானை முதுகு போல ஒரு பாறை. பத்து மணிக்குள் அதைத் தாண்டாவிட்டால், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் திரும்புவேன். நீங்கள் கேட்டிராவிட்டால் இதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன்.

தனி ஆள் என்று எழுதிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். மிகேலுக்கு ஈரப் படியில் வழுக்கி முழங்கால் போய்விட்டது. ஊருக்குப் போய்விட்டான். வேறு ஆள் இல்லை. இந்த விடுதியில் ஒவ்வொரு இரவும் எண்பது பேர் குறட்டை விடுகிறார்கள். விடியப் போய்விடுவார்கள். என் பெயரை ஒருவரும் கேட்பதில்லை, கேட்டாலும் இரண்டாம் முறை சொல்ல வராது. சில நாட்களில் ஒரு தமிழ்ச் சொல்லாவது வாயிலிருந்து வரட்டும் என்று குசினிக்குள் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பேன். அந்த முகட்டில் தனியாக இருந்தால் அது நானாகத் தேடிக்கொண்ட தனிமையாக இருக்கும். அதற்காகத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன்.

தனியாகப் போக விடுவீர்களா? சரியோ இல்லையோ, ஒரு சொல் எழுதுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

ரஜீவன்

*

திருகோணமலை
04.08.2025

அன்புத் தம்பி ரஜீவன்,

அக்கா எழுதுகிறேன். அத்தானுக்குக் கை நடுக்கம். எழுத ஏலாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீ யோசிக்க ஒன்றும் இல்லை.

தனியாகப் போகவேண்டாம் என்று அத்தான் சொல்கிறார். அந்தப் பொடியனின் முழங்கால் சரிவரட்டும். அடுத்த வருடமும் மலை அங்கேதான் நிற்கும். அவ்வளவுதான் சொன்னார்.

இங்கே சரியான வெயில். வெண்டி திரும்ப நடவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பனிமலை விடுதி
19.08.2025

அன்புள்ள அத்தான்,

நான் சுகம். உங்கள் கைக்கு என்ன? எப்போதிருந்து நடுங்குகிறது? யாரிடம் காட்டினீர்கள்? அக்கா ஒன்றும் எழுதவில்லை.

அக்காவின் எழுத்தில் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு முறை வாசித்தேன், அதில் உங்களைக் காணவில்லை. பகிடி இல்லை, கேள்வி இல்லை, என்னை ஏசவும் இல்லை. வேண்டாம் என்று மட்டும் இருந்தது. வேண்டாம் என்று எனக்குச் சொல்ல ஊரிலும் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாடு வேண்டாம் என்றார்கள், அந்தக் கல்யாணம் வேண்டாம் என்றார்கள், மலை வேலை வேண்டாம் என்றார்கள். நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கே திரும்புவீர் என்று மட்டும் கேட்பீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்டேன்.

எனக்குக் கோபம்தான் அத்தான், மறைக்கவில்லை. பெயரைத் தர மனமில்லை என்றால் விடுங்கள். ஒருவரிடமும் சொல்லாமலே போகிறேன். தேட ஆளில்லாதவன் தேடாமலே கிடக்கட்டும்.

எழுதிய பிறகு வெட்ட நினைத்தேன், வெட்டவில்லை. ஹெலி நாளைக்கு வருகிறது. உங்கள் கையால் ஒரு வரி போடுங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை.

ரஜீவன்

*

திருகோணமலை
01.09.2025

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்கவேண்டும். அப்படியெல்லாம் எழுதாதே. அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கொஞ்சம் சனம் வந்து போனது, சமையல் வேலை. அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

அத்தானுக்குச் சம்மதம். பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். போன் நம்பரை மட்டும் என்னுடையதாகக் கொடு. அவருடைய போன் பழுது. யாருக்கு அடிக்கவேண்டும், எத்தனை மணிக்கு, என்ன சொல்லவேண்டும் எல்லாவற்றையும் தெளிவாக எழுது. பக்கத்து வீட்டு ஹுஸ்னியா ரீச்சர் இங்கிலீசில் கதைப்பாள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

யானை முதுகுப் பாறைக்கும் கணவாய்க்கும் நடுவில் வரைபடத்துக் கோடுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. நெருக்கமாக இருந்தால் செங்குத்து என்று ஹுஸ்னியா சொன்னாள். ஏறும்போது கை பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது காலை எங்கே வைப்பாய்? அந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வருவாய்? வெயில் எந்தப் பக்கம் இருக்கும்? அத்தான் கேட்கச் சொன்னார்.

கம்பளிக் காலுறை இரண்டு சோடி கொண்டுபோ. ஒன்று நனைந்தால் மற்றது.

அக்கா

*

பனிமலை விடுதி
14.09.2025

அன்புள்ள அத்தான்,

சுகமாக இருக்கிறேன். அதைவிடச் சந்தோசமாக இருக்கிறேன். எழுத்து அக்காவுடையது என்றாலும் இந்த முறைதான் உங்கள் குரல் வந்திருக்கிறது. அந்த நெருக்கமான கோடுகளைப் பிடித்துவிட்டீர்களே! இந்த மலையில் ஏறியவர்களே இறங்கும்போதுதான் அந்த இடத்தைப் பற்றி யோசிப்பார்கள். போன கடிதத்தில் கோபமாக எழுதியதை மறந்துவிடுங்கள்.

அந்த இடத்தில் ஒரு பழைய இரும்பு வளையம் அடித்திருக்கிறது. கயிற்றை அதில் மாட்டி, முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து இறங்குவேன். மத்தியானத்துக்கு முன் வந்துவிட்டால் நிழலாக இருக்கும், கல் விழாது.

விடுதி இருபத்தோராம் திகதி மூடுகிறது. எல்லாரும் இறங்கிவிடுவார்கள். மேலே ஒரு சின்ன அறை மாரிகாலத்துக்கும் பூட்டாமல் விடுவார்கள், அங்கே தங்குவேன். ஒக்டோபர் நான்காம் திகதி சனிக்கிழமை விடியுமுன் வெளிக்கிடுவேன். முதல்நாள் மழையோ புதுப்பனியோ என்றால் போகமாட்டேன், கிராமத்துக்கு இறங்கி “இல்லை” என்று செய்தி போடுவேன். போனால், உங்கள் நேரத்துக்குப் பின்னேரம் ஐந்துக்கு முன் கிராமத்திலிருந்து செய்தி வரும். ஏழு மணிவரை பாருங்கள். ஏழுக்கும் வராவிட்டால் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கும் நம்பருக்கு அடித்து, என் பெயர், கறுப்புக் கொம்பு, வடக்கு முகடு, இறங்கும் வழி கணவாயும் கல்லுத்தரையும் என்று சொன்னால் போதும். ஏழுக்கு முன் அடிக்கவேண்டாம். நான் வேர்த்து விறுவிறுத்து இறங்கிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே ஹெலி வந்து நின்றால் வெட்கக்கேடு. உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அக்காவைப் பயப்படுத்தவேண்டாம். செய்தி பிந்தினால், நான் கிராமத்தில் சாப்பிட்டுக்கொண்டு நிற்பேன் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதால்தான் மனம் துணிகிறது.

ரஜீவன்

*

நகர மருத்துவமனை,
வலே
11.10.2025

அன்புள்ள அத்தான்,

உயிரோடு இருக்கிறேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மற்றபடி சுகம். உங்கள் உடம்பு எப்படி?

நடந்ததை முழுவதும் உங்களிடம் சொல்லவேண்டும். யானை முதுகுப் பாறைக்கு வரும்போதே பத்து தாண்டிவிட்டது. நிழல் பக்கத்தில் நான் நினைத்ததைவிடப் பனி கூட. சிகரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்னும் கொஞ்சத் தூரம்தான். உண்மையைச் சொன்னால், தனி மனிதன் என்றால் போயிருப்பேன். அங்கே ஒருவர் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்று நினைத்தேன், திரும்பினேன். அந்தச் செங்குத்தான இடத்தையும் ஒழுங்காக இறங்கிவிட்டேன். ஆபத்தெல்லாம் முடிந்து, கணவாய்க்குக் கீழே, ஆடு போகிற கல்லுத்தரையில்தான் ஒரு பெரிய கல் புரண்டு காலில் ஏறியது. போனில் சிக்னல் இல்லை. கத்தினேன், யாருக்குக் கேட்கப்போகிறது? கீழே பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவரத் தொடங்கியது. இன்றிரவு விறைத்துப் போய்விடுவேன் என்று நினைத்தேன். அழுதேன் அத்தான்.

அப்போதுதான் ஹெலியின் சத்தம். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் முகில் மூடியிருக்கும், விடியும்வரை பறந்திருக்க ஏலாது என்று விமானி பிறகு வந்து சொன்னார். எத்தனை மணிக்கு அறிவித்தார்கள் என்று கேட்டேன். கணக்குப் பார்த்தால் உங்கள் நேரம் ஆறு. ஏழு என்று எழுதியிருந்தேன், ஆறுக்கே அடித்திருக்கிறீர்கள்! ஒரு நிமிடமும் முந்தமாட்டேன் என்ற மனிதர்! என்ன பட்டது உங்களுக்கு? எப்படித் தெரிந்தது? நான் இப்போது மூச்சு விடுவது உங்களால்தான்.

இங்கே போன் வேலை செய்கிறது. அக்காவோடு கதைத்தேன். அவர் அழுதுகொண்டே இருந்தார், ஒன்றும் விளங்கவில்லை. உங்களைக் காட்டச் சொன்னேன், படம் வரவில்லை என்று வைத்துவிட்டார்.

கால் சரிவந்ததும் அடுத்த வருடத்துக்கு வேறு வழி பார்ப்போம். தெற்குப் பக்கம் பிழையில்லை. வரைபடம் அனுப்புகிறேன், அலுமாரியில் மற்றக் கதவு இருக்கிறதுதானே.

என்றும் உங்கள்
ரஜீவன்

*

நகர மருத்துவமனை
04.11.2025

அன்புள்ள அத்தான்,

நான் தடி ஊன்றி நடக்கிறேன். உங்கள் சுகம் தெரியாமல்தான் நித்திரை இல்லை.

பதில் வரவில்லை. போன் எடுத்தால் அத்தான் குளிக்கிறார், அத்தான் படுத்திருக்கிறார் என்று அக்கா சொல்கிறார். மாமி வீட்டுக்கு எடுத்தேன். “எல்லாரும் நல்லா இருக்கினம் தம்பி, நீ காலைப் பார்” என்று அவசரமாக வைத்துவிட்டார்கள். உங்களுக்குச் சுகமில்லையா? இல்லை, உங்களை இப்படிப் பதறவைத்ததற்கு என்னில் கோபமா?

ஒரு வரி. உங்கள் கையெழுத்தில். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரஜீவன்

*

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
20.11.2025

அன்புத் தம்பி ரஜீவன்,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உன் கால் ஆறிக்கொண்டு வருவது சந்தோசம். இதை இருந்துகொண்டு வாசி.

அத்தான் இல்லை. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி, ஜூலை இருபத்திரண்டு காலையில் போய்விட்டார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், “இந்த வாய்வு லேசில விடாதுபோல கிடக்கு” என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். ஆட்டோ வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டிலேயே எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள். “மலையில நிக்கிற பொடியனுக்கு இப்ப சொல்லாதேங்கோ. வந்து சேரவும் ஏலாது. அங்க கட்டிப்பிடிச்சு அழவும் ஒரு ஆள் இல்லை.” எனக்கும் அது சரியென்றே பட்டது. நீ இங்கே இருந்தால் நானும் சொந்தக்காரர் எல்லாரும் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்போம், உனக்கும் தெரியும். நீ மலையால் இறங்கியதும் சொல்வோம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அதற்குள் தனியாகப் போகவா என்று அவரைக் கேட்டு உன் கடிதம் வந்துவிட்டது. அக்கா மறித்தால் நீ கேட்கமாட்டாய். அதனால் அவருடைய பெயரால் மறித்துப் பார்த்தேன். நீ அதையும் கண்டுபிடித்துவிட்டாய். ஒருவரிடமும் சொல்லாமல் போகிறேன் என்று எழுதினாய். அந்தக் கடிதம் வந்தபோது அத்தானின் முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. உண்மையை எழுதப் பேப்பரை எடுத்தேன். இவனுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஒரு பெயரையும் பிடுங்கிவிட்டால், திரும்பும் இடத்தில் திரும்புவானா என்று பயம் வந்தது. அதனால் சம்மதம் என்று எழுதினேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஐந்து மணிக்குச் செய்தி வரவில்லை. ஹுஸ்னியா அசர் தொழுதுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்குள் போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து, “பிள்ளை, அடி” என்றேன். “அன்ரி, ஏழு எண்டுதானே எழுதியிருக்கு. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு” என்றாள். “ஏழு மட்டும் பொறுக்க அவரால ஏலும். என்னால ஏலாது. வெட்கக்கேடு எண்டா எனக்கு வரட்டும், நீ அடி” என்றேன். யார் பேசுவது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். பாக்கியரத்தினம் என்று சொல்லச் சொன்னேன். அவள் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் படவில்லை தம்பி, ஒன்றும் தெரியவும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். அந்த நெருக்கமான கோடுகளைப் பற்றிக் கேட்டதும் நான்தான். ஹுஸ்னியா சொல்லித்தர, அலுமாரிக்கு முன்னால் நின்று அந்த மலையை நானும் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

கோபமும் இருக்கிறது. தேட ஒரு பெயர் வரவில்லை என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை அத்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அக்காவைப் பயப்படுத்தவேண்டாம் என்று நீ எழுதியதையும் நான்தான் உடைத்து வாசித்தேன். உன்னை ஏசவேண்டும்போல இருந்தது. நீ அவருக்கு எழுதுவாய், கடைசியில் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன் என்று உனக்குத் தெரியாது.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து காது கேளாத மனிதனோடு கத்திக் கத்தியே கதைத்தவள் நான். இப்போது மெல்லக் கதைத்தாலும் போதும். கதைக்கத்தான் ஆளில்லை.

நீ எத்தனை மலை வேண்டுமென்றாலும் ஏறு, நான் மறிக்கப்போவதில்லை. அழு, அடக்கிவைக்காதே. அழுது முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடு. உறையில் என் பெயரை எழுது. தபால்காரன் படலையில் நின்று “பாக்கியரத்தினம்” என்று கூப்பிட, போய்க் கைநீட்டி வாங்க இனி என்னால் ஏலாது.

அக்கா
தவமலர்